ஆளைக் காணோமா? வீட்டைத் தொடாதீங்க!

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். நேற்று ராத்திரி வெளியே போன மனுஷர் விடிந்தும் வரவில்லை. செய்தி பரவிய ஒரு மணி நேரத்தில் சுரண்டையிலிருந்து மைத்துனர் வந்துவிடுவார். பாவூர்சத்திரத்திலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்து இறங்குவார்கள். பாதித் தெரு திண்ணையில் இருக்கும். வந்தவர்களுக்குக் காபி போட அடுப்படியைக் கழுவிவிடுவார்கள். கலைந்து கிடக்கிற பாயை நல்ல மனசுக்காரர் யாராவது உதறிச் சுருட்டி வைப்பார். வாளியில் ஊறிக்கிடந்த வேட்டி சட்டையை ஒரு பெண் அலசிக் கொடியில் போட்டுவிடுவார். அவருடைய செல்போன் வீட்டிலேயே கிடந்தால் நாலு இளைஞர்கள் மாறி மாறி வாங்கி, லாக்கை எடுக்க இழுத்துப் பார்ப்பார்கள். பீரோவைத் திறந்து பணம், நகை, ஆதார் எல்லாம் இருக்கிறதா என்று துழாவியிருப்பார்கள்.

போலீஸ் வந்து சேரும்போது வீடு பளிச்சென்று இருக்கும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. துக்கம் வந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நம்மால் முடியாது. எதையாவது செய்தாக வேண்டும். ஆனால் காணாமல் போனவர் எங்கே போனார், தானாகப் போனாரா, யாராவது கூட்டிப்போனார்களா, அவருக்கு என்ன ஆனது என்ற கேள்விகளுக்கு முதல் சாட்சி அந்த வீடுதான். அந்தச் சாட்சியின் வாயை முதல் நாளே நாம் அடைத்துவிடுகிறோம்.

போலீஸும் தன் பங்குக்கு நேரத்தைத் தொலைக்கிறது. ஸ்டேஷனில் எத்தனையோ குடும்பங்கள் கேட்டுவிட்டு வந்த பதில்தான் இது: "கோவிச்சிட்டு எங்கயாவது போயிருப்பாவ, ரெண்டு நாள்ல வந்துருவாவ." பல நேரம் அது உண்மையாகவும் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள், கடன் தொல்லையில் திருப்பூர் பக்கம் போனவர்கள், காதலித்துப் போனவர்கள் என்று திரும்பி வருபவர்கள் அதிகம். அந்தப் பழக்கத்தில், திரும்பி வரவே முடியாமல் போனவரின் வழக்கும் அதே ஃபைலில் இரண்டு நாள் தூங்கிவிடுகிறது.

இரண்டு நாள் என்பது எவ்வளவு பெரியது

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பர் 22-இல். அதுவரை நாமும் திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில் உவரி அருகே கரைசுத்துபுதூரைச் சேர்ந்தவர் கே.பி.கே. ஜெயக்குமார் தனசிங். திருநெல்வேலி கிழக்கு மாவட்ட காங்கிரஸ் தலைவர். 2024 மே 2-ஆம் தேதி வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. மறுநாள் மே 3-இல் அவரைக் காணவில்லை என்று உவரி காவல் நிலையத்தில் மகன் புகார் கொடுத்தார். மே 4-ஆம் தேதி அவருடைய சொந்தத் தோட்டத்திலேயே எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. தனிப்படைகள் அமைத்தார்கள், வழக்கு அந்த மாதமே சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது.

அந்த வழக்கில் யார் என்ன செய்தார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு மனிதரைத் தேடிய தேடல் கடைசியில் அவர் வீட்டுத் தோட்டத்தில் வந்து முடிந்தது. காணாமல் போனவரின் வீடு என்றால் நாலு சுவரோடு நிற்பதில்லை. தோட்டம், கிணறு, மாட்டுத்தொழு, படப்பு, மோட்டார் ரூம், செப்டிக் டேங்க், பரண், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. முதல் போலீஸ்காரர் வாசலில் கால் வைத்ததும் பார்க்க வேண்டியவை இவைதான். ஊர் ஊராகத் தேடுவது அதற்குப் பிறகு.

இது ஏதோ கிராமத்துப் போலீஸின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனின் தெற்குப் பக்கம் நியூ ஆடிங்டனில் 2012 ஆகஸ்ட் 3-இல் 12 வயதுச் சிறுமியைக் காணவில்லை. ஊரே திரண்டு தேடியது. போலீஸார் பாட்டியின் வீட்டை ஒரு தடவைக்கு மேல் சோதித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 10-இல் அதே வீட்டுப் பரணில் சிறுமியின் உடல் கிடைத்தது. முன்பே கண்டுபிடிக்காமல் விட்டதற்கு லண்டன் போலீஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பயிற்சி, நாய், கருவி எல்லாம் உள்ள படைக்கே ஒரு பரணை ஒழுங்காகப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

பூட்டிய மாடிக் கதவு

இந்தியாவில் இந்தப் பாடத்தை எழுதிய வீடு நொய்டாவில் ஜல்வாயு விஹார் குடியிருப்பில் இருக்கிறது. 2008 மே 16 காலை அந்த வீட்டுப் பெண் ஆருஷி தன் அறையில் கொலையாகிக் கிடந்தாள். வீட்டில் வேலை பார்த்த ஹேம்ராஜைக் காணவில்லை. அவர்தான் கொன்றுவிட்டு ஓடியிருப்பார் என்று முடிவு கட்டி, போலீஸ் அவரை வெளியே தேடியது. மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியில் ரத்தக்கறை இருந்தது. சாவி இல்லை என்று அந்தப் பூட்டை அன்று யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்குள் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பத்திரிகைக்காரர்களும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மே 17-ஆம் தேதி பூட்டை உடைத்தபோது மாடியில் ஹேம்ராஜின் உடல் கிடந்தது.

கொலைகாரன் என்று தேடப்பட்டவர், அந்த வீட்டின் கூரையிலேயே ஒரு நாள் முழுக்கப் பிணமாகக் கிடந்தார். அந்த ஏழை மனிதரின் குடும்பம் அந்த ஒரு நாளில் என்ன பழியைச் சுமந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆருஷியின் பெற்றோருக்கு 2013 நவம்பரில் சி.பி.ஐ. நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017 அக்டோபர் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. முதல் நாள் அந்தப் படிக்கட்டில் கயிறு கட்டி ஒரு காவலரை நிறுத்தியிருந்தால், இந்த வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

கயிறு கட்டுவதிலிருந்து மகஜர் வரை

சரியாகச் செய்தால் எப்படி நடக்க வேண்டும்?

முதலில் ஆளைத் தேடுகிறார்கள். மேலே சொன்ன இடங்கள் ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே எட்டி, உயிரோடு யாரும் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். அதன்பின் வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே. கயிறோ டேப்போ கட்டி ஒரு காவலர் வாசலில் நிற்கிறார். உள்ளே யார் போனார், எத்தனை மணிக்கு, எதற்கு என்று ஒரு தாளில் குறிக்கிறார். டி.எஸ்.பி. வந்தாலும் அந்தத் தாளில் பெயர் ஏற வேண்டும். உள்ளே போக ஒரே ஒரு தடம். அது பெரும்பாலும் சுவர் ஓரமாக, மற்றவர்கள் சாதாரணமாக நடக்காத பக்கமாக இருக்கும். உள்ளே போனவர்கள் குழாயைத் திறப்பதில்லை, கழிவறையைப் பயன்படுத்துவதில்லை, ஃபேன் போடுவதில்லை.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருக்கும். கண்ணுக்கு அது சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். தூசியில் பதிந்த பாதங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். வெறுங்கால் எது, ரப்பர் செருப்பு எது, ஷூ எது என்று பிரிந்து தெரியும். எந்தக் கதவு வரை போய்த் திரும்பியிருக்கின்றன என்றும் தெரியும். பக்கத்தில் அளவுகோல் வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்துப் படம் எடுக்கிறார்கள். துடைப்பம் ஒரு தடவை போயிருந்தால் இதில் ஒன்றுமே மிஞ்சாது.

கைரேகைப் பிரிவினர் டம்ளர், கண்ணாடி, பீரோ கைப்பிடி, சுவிட்ச் பலகை என்று பொடி தூவிப் பார்க்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களின் ரேகையையும் எடுப்பார்கள். "எங்களையே சந்தேகப்படுறாங்களே" என்று பலர் மனம் நோவது இந்த இடத்தில்தான். வீட்டார் ரேகையைக் கழித்தால்தான் அந்நியர் ரேகை தனியே தெரியும். அதற்காகத்தான் கேட்கிறார்கள், தயங்காமல் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் சாட்சிகளாக வைத்து, பார்த்ததை எல்லாம் குறிக்கும் பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடம் போடுவது தமிழ்நாட்டுப் போலீஸின் நெடுநாள் வழக்கம். கைப்பற்றும் பொருளுக்குத் தனி மகஜர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஆடியோவோடு வீடியோ எடுக்கச் சொல்கிறது. செல்போனில் எடுத்தாலும் போதும். அந்தப் பதிவு தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 103-ஆம் பிரிவின்படி வீட்டுக்காரர் சோதனையின்போது உடனிருக்கலாம். எடுத்துப்போகும் பொருட்களின் பட்டியலில் ஒரு நகல் அவருக்குச் சேர வேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்கத் தயங்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

ஊறவைத்த பீடி இலை

தடயம் என்றால் ரத்தமும் கத்தியும் என்றே சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. காணாமல் போனவரின் வீட்டில் அதைவிட அதிகம் பேசுவது, சாதாரணப் பொருட்கள்.

எவை போயிருக்கின்றன, எவை கிடக்கின்றன என்பதில்தான் பாதிக் கதை. மூக்குக் கண்ணாடி மேசையில், சர்க்கரை மாத்திரை டப்பா அலமாரியில், செல்போன் சார்ஜரில், தினமும் போடுகிற செருப்பு வாசலில். இப்படி இருந்தால் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போகத் திட்டமிடவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். மாத்திரை அட்டையில் கடைசியாகக் கிழிந்த இடம் வேளையைச் சொல்லும். தினசரி காலண்டரில் கடைசியாகக் கிழித்த தாள் தேதியைச் சொல்லும். அடுப்பில் இருக்கும் குழம்பு எத்தனை நாள் பழசு, பால் கவரில் அச்சிட்ட தேதி எது, சாமி விளக்கில் எண்ணெய் எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம்.

இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மறுநாள் வெட்ட வேண்டிய இலையை நனைத்து, ஈரத் துணியிலோ சாக்கிலோ சுற்றி வைப்பது வழக்கம். காணாமல் போன பெண்ணின் வீட்டில் இலை நனைத்துச் சுற்றி வைத்திருந்தால், விடிந்ததும் வேலைக்கு உட்காரத்தான் அவள் நினைத்திருந்தாள். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் கடைசியாகப் பீடி கொடுத்த தேதி இருக்கும். முறத்தில் பாதி சுற்றிக் கிடப்பது அன்றைய வேலை எங்கே நின்றது என்று காட்டும். எந்த ஆய்வகமும் தர முடியாத சாட்சியம் இது. ஆனால் வாடிப்போகுமே என்று நாத்தனார் அந்த இலையை எடுத்து வெட்டிவிட்டால், முடிந்தது.

ஒரு கறையை எடுப்பது எப்படி

சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது. வெற்றிலைச் சாறாக இருக்கலாம், குங்குமமாக இருக்கலாம், மூட்டைப்பூச்சியை நசுக்கிய இடமாக இருக்கலாம். கண்ணால் பார்த்து ரத்தம் என்று எழுதக் கூடாது. தடய அறிவியல் அலுவலர் முதல் சோதனையாக அதிலிருந்து துளி எடுத்து, பீனால்ப்தலீன் கலவையும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விடுவார். ரத்தமாக இருந்தால் இளஞ்சிவப்பு எழும். சில காய்கறிச் சாறுகூட இந்த நிறத்தைக் காட்டும் என்பதால் இது முடிவு இல்லை, அறிகுறிதான். மனித ரத்தமா, யாருடையது என்பதை ஆய்வகம் சொல்ல வேண்டும்.

கழுவிய தரையானால் இருட்டாக்கி லூமினால் தெளிக்கிறார்கள். ரத்தம் பட்ட இடம் சில நொடிகள் நீலமாக ஒளிரும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தாலும் ஒளிரும் என்பதால் அதையும் கவனமாகப் பிரிக்க வேண்டும்.

காய்ந்த கறையை எடுக்க, பஞ்சுக் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து ஒற்றி எடுக்கிறார்கள். கறை இல்லாத பக்கத்துச் சுவரிலும் இன்னொரு குச்சியால் ஒற்றுகிறார்கள். ஒப்பிட அது வேண்டும். இரண்டையும் நிழலில் காயவைத்து, பேப்பர் உறையில் போட்டு, எங்கே எப்போது யார் எடுத்தது என்று எழுதி, அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பூக்கும், டி.என்.ஏ. கெடும். ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் வீரகேரளம்புதூர் வரை எட்டிப் பார்க்கிற நாட்களில் துணியே இரண்டு நாள் காயாது. கறை படிந்த துணியை அவசரமாக மடித்துக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உறை மேல் எழுதுவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் நொய்டா வழக்கை இன்னொரு தடவை பார்க்கட்டும். இரண்டு தலையணை உறைகளின் குறிப்பு ஆய்வக அறிக்கையில் இடம் மாறியது. தட்டச்சுப் பிழை என்று பின்னால் விளக்கம் வந்தது. அந்த ஒரு வரி உயர் நீதிமன்றம் வரை விவாதமானது.

காணாமல் போனவரின் டூத் பிரஷ், சீப்பு, சவர பிளேடு, துவைக்காத பனியன் ஆகியவற்றை வீட்டார் தனியே ஒதுக்கிவைத்தால் அது பெரிய உதவி. எங்கோ ஓர் ஆற்றங்கரையில் அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால், அவர்தானா என்று ஒப்பிட அந்தப் பிரஷ் போதும். திருநெல்வேலியில் தடய அறிவியல் துறையின் மண்டல ஆய்வகம் இருப்பதால் பொருட்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மோப்ப நாய்க்கும் துவைக்காத துணிதான் வேண்டும். புதைத்த உடலைத் தேடவும் நாய் உதவும். செங்கோட்டை தாண்டிய கேரளத்தில், பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் 2022 அக்டோபரில் இரண்டு பெண்களின் உடல்கள் ஒரு வீட்டு வளாகத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. ஒருவர் நம் தருமபுரிப் பெண். கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர். மறைந்த உடலைத் தேடப் பழக்கிய மாயா, மர்ஃபி என்ற இரண்டு நாய்களைக் கேரள போலீஸ் அந்த வளாகத்தில் இறக்கியது. ஜூனில் காணாமல் போன முதல் பெண்ணுக்கு என்ன ஆனது என்பது, செப்டம்பரில் தருமபுரிப் பெண் காணாமல் போன பிறகுதான் வெளியே வந்தது. முதல் புகாரையே தீவிரமாகத் துருவியிருந்தால் என்ற கேள்வி நெஞ்சில் நிற்கிறது.

செல்போன் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். யாரோடு பேசினார் என்ற அழைப்புப் பதிவு நிறுவனத்திடம் 2 ஆண்டு இருக்கும், அது காத்திருக்கும். தெருமுனைக் கடைக் கேமரா காத்திருக்காது. இடம் நிரம்பியதும் பழைய காட்சி மேல் புதியது பதிந்துவிடும். ஆகவே முதல் நாள் ஓட வேண்டியது கடைக்காரரிடம்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

புதிய சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கே வந்து பார்க்க வேண்டும் என்கிறது. மாநில அரசுகள் அதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. நல்ல பிரிவு. ஆனால் பெரியவர் ஒருவரைக் காணவில்லை என்று ஸ்டேஷனில் பதிவாகும் 'மேன் மிஸ்ஸிங்' வழக்கில் குற்றப்பிரிவு எதுவும் இருக்காது. குற்றமே இல்லாத வழக்குக்கு நிபுணர் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பிறகு உடல் கிடைத்தோ, யாராவது ஒப்புக்கொண்டோ பிரிவு மாற்றப்படும். அன்றைக்கு வேனும் பெட்டியுமாக எல்லோரும் வருவார்கள். வீடு அதற்குள் பத்துத் தடவை கழுவப்பட்டிருக்கும். சுண்ணாம்பும் அடித்திருப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. 2013 மே மாதம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில், குழந்தையைக் காணவில்லை என்றாலே கடத்தல் என்று கருதி எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உத்தரவிட்டது. பெரியவர்களுக்கும் ஓரளவாவது அதுபோல ஒரு விதி வேண்டும். காணவில்லை என்ற புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஓர் அதிகாரி அந்த வீட்டையும் தோட்டத்தையும் நேரில் பார்த்து, வீடியோ எடுத்து, பார்வை மகஜர் எழுதியாக வேண்டும் என்று தமிழக டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கை விட்டாலே போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். எஸ்.ஐ. சட்டைப் பையில் உள்ள செல்போனே போதும். பெரும்பாலான வழக்குகளில் மனிதர் நல்லபடியாகத் திரும்பி வருவார். அந்த வீடியோ வீணாகும். அது வீணாவதைவிட நல்ல செய்தி வேறென்ன?

இது வீட்டாருக்கும் பாதுகாப்பு. வீட்டுக்குள் நடந்த சாவுக்கு உள்ளே இருந்தவர்கள் விளக்கம் சொல்ல வேண்டும் என்று 2006-இல் திரிமுக் மரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்றும் கீழ்க் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. நாளைக்கு ஏதாவது விபரீதம் என்று தெரிந்தால், தரையைக் கழுவியது யார், துணியைத் துவைத்தது யார் என்ற கேள்விதான் முதலில் வரும். காபி போட அடுப்படியைக் கழுவிய பாவத்துக்கு, ஒன்றும் அறியாத பெண் தடயத்தை அழித்தவளாக நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் ஒருவரைக் காணோம் என்றால், எல்லா இடத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அவருடைய அறையைச் சாத்திப் பூட்டுங்கள். வருகிற உறவினரைப் பக்கத்து வீட்டில் உட்காரவையுங்கள். குப்பைக் கூடையைக் கொட்டாதீர்கள், துணியை நனைக்காதீர்கள், போனை நோண்டாதீர்கள். 112-க்குக் கூப்பிடுங்கள், குழந்தை என்றால் 1098-க்கும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனில் புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசம். குற்றம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றினால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். வரும் அதிகாரியிடம் "வீட்டைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போங்க சார்" என்று நீங்களே சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.